வினவல் மொழிக்கு முதல் நூல் எது?

தஞ்சைப் பெரிய கோயிலிலே முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளுள் ஒன்று, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பட்டியலிட்டு நிற்கின்றது. எந்தத் தளிச்சேரி, எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு, பெண்ணின் பெயர் யாது, முன்பு எவ்வூர்த் தளியைச் சேர்ந்தவள், அவளுக்குரிய பங்கு எவ்வளவு என்னும் செய்திகள் அதிலே ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டுள்ளன. பங்கு ஒன்றுக்கு நெல் 100 கலம். கோயில் நிறைவுற்றது 1010-ஆம் ஆண்டு. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே, செய்தியை நிரையும் நிரலுமாக வகுத்து, வேண்டியபோது வேண்டியதை எடுத்துக்கொள்ளத்தக்க வகையிற் பதிந்துவைக்கும் அறிவும், அவ்வறிவைச் சொல்லுதற்குரிய மொழியும் தமிழனிடம் இருந்தன.

கணிப்பொறியைத் தமிழனே கண்டான் என்று வீண்பெருமை பேசுதற்கன்று இதனைச் சொல்லுவது. பட்டியலிடுதல், வகுத்தல், தேடல், தொகுத்தல் ஆகியவை தமிழுக்குப் புறம்பான செயல்களல்ல என்பதை நினைவூட்டுதற்கே. அச்செயல்களைப் பொறியிடம் ஒப்படைக்கும் கலையைக் கற்கப் புகும் தமிழ் இளைஞன், முதல் நூலாக எதனைக் கையில் எடுக்கவேண்டும் என்பதே ஈண்டு வினா.

சுமித்தின் ஊதியம்

இற்றைநாளில் தரவுத்தள வினவல் மொழியைக் கற்க விழையும் இளைஞன் செய்வது யாது? பொத்தகக் கடைக்குச் செல்கின்றான். தடித்த ஆங்கில நூலொன்றை வாங்குகின்றான். தமிழ்வழியிற் படித்தவனாயின் தடிமனைக் கண்டே பாதி நம்பிக்கையை இழக்கின்றான். நூலைத் திறந்தால் அங்கே சுமித்து இருக்கின்றான், ஆலன் இருக்கின்றான், வார்டு இருக்கின்றான். ஆரக்கிள் நிறுவனத்தின் பழம் பயிற்சிப் பட்டியலிலே உள்ள 14 பணியாளரை அறியாத தமிழ்நாட்டுக் கணிப்பொறி மாணவர் அரியர். எழுத்தராகிய சுமித்துக்கு ஊதியம் 800. தலைவராகிய கிங்குக்கு 5000. தன் தெருவில் எத்தனை வீடு என்பதை எண்ணியறியாத பிள்ளைக்குச் சுமித்தின் ஊதியம் மனப்பாடம்!

பயிற்சிக்கு எந்தப் பெயராயிருந்தால் என்ன என்பர் சிலர். அவ்வாறாயின் தமிழ்ப்பெயர் ஏன் ஆகாது? எடுத்துக்காட்டு என்பது அறிந்ததைக் கொண்டு அறியாததை அறிவிப்பது. அறியாத மொழியில், அறியாத ஊரின், அறியாத மாந்தரைக் கொண்டு அறியாத கலையைக் கற்பித்தல், இருட்டறையிற் கருந்துணியைத் தேடச் சொல்வதன்றி வேறென்ன?

ஆங்கிலர்க்கு ஆங்கிலம் தேவைப்பட்டது

இம்மொழி பிறந்த வரலாற்றை அறிந்தோர், தமிழ்நூலே முதல் நூலாக வேண்டும் என்பதை மறுக்கமாட்டார்.

இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எடுகார் காடு என்னும் அறிஞர், 1970-ஆம் ஆண்டில் உறவுமுறைத் தரவமைப்பைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். தரவுகளை எல்லாம் பட்டியல்களாக நிறுத்தி, அவற்றுக்கிடையேயுள்ள உறவைக் கணக்கியலால் ஆளலாம் என்பது அவர் கண்ட உண்மை. ஆயின் அவர் எழுதியது கணக்கியலார்க்கே விளங்கும் குறியீட்டு மொழியில். அந்நிறுவனத்தைச் சேர்ந்த தொனால்டு சேம்பர்லின், இரேமண்டு பாய்சு என்னும் இருவர், அவ்வறிவை ஏனையோர்க்கும் கொண்டுசெல்ல முயன்றனர். அவர்கள் முதலில் அமைத்த மொழியும் குறியீடு மிகுந்து தட்டச்சிடற்கு அரிதாயிருந்தது. அதனை விடுத்து, 1974-இல், நாட்டு மக்கள் பேசும் ஆங்கிலச் சொற்களால் ஆகிய புதுமொழியொன்றை வெளியிட்டனர். அதற்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள் 'கட்டமைந்த ஆங்கில வினவல் மொழி' என்பது. சீக்குவெல் என்னும் அப்பெயர்ச் சுருக்கத்திற்கு வேறொரு நிறுவனம் உரிமை கொண்டிருந்தமையால், பின்னர் அது எசு.கியூ.எல். எனக் குறுகியது, ஆங்கிலம் என்னும் சொல் பெயரினின்று உதிர்ந்தது. 1986-இல் அமெரிக்க நாட்டுச் செந்தரமாகவும், 1987-இல் பன்னாட்டுச் செந்தரமாகவும் அது ஏற்கப்பட்டது.

இதனால் அறியப்படுவது யாது? ஆங்கிலம் பேசும் மக்களுக்கே, கணக்கியலினின்று தம் தாய்மொழிக்கு ஒரு பாலம் தேவைப்பட்டது. ஆங்கிலனுக்கு ஆங்கிலப் பாலம் அமைத்தல் அறிவியலாம். தமிழனுக்குத் தமிழ்ப்பாலம் அமைத்தல் மட்டும் மொழிவெறியாம்! இந்நடுவின்மையை எடுத்துரைக்க நம்மவர்க்கு நா எழுவதில்லை.

பொறியின் ஒழுங்கு, தமிழின் ஒழுங்கு

இனி, ஆங்கில நூலாசிரியர்கள் பெரும்பாடுபட்டு விளக்கும் ஓர் இடத்தைக் காண்க. வினவல் மொழியிலே கட்டளை 'செலெக்டு' என்று தொடங்கும். அதனையடுத்து எப்பட்டியலிலிருந்து என்பதைச் சொல்லும் 'பிரம்' பகுதியும், எத்தகையவற்றை என்று வரையறுக்கும் 'வேர்' பகுதியும் வரும். 'தேர்ந்தெடு பெயரை, தளிச்சேரிப் பட்டியலிலிருந்து, ஊர் ஆரூராய் உள்ளவிடத்து' என்பது அதன் அமைப்பு. ஆங்கிலத் தொடரின் ஒழுங்கு இஃது.

ஆயின் அக்கட்டளையின் ஏரண ஒழுங்கு இவ்வாறில்லை. முதலில் பட்டியலை எடுத்தல், அடுத்து, பொருந்தாத நிரைகளைக் கழித்தல், பின்பு, தேவையாயின் எஞ்சியவற்றைத் தொகுத்தல், தொகுதிகளுள் பொருந்தாதவற்றைக் கழித்தல், இவையெல்லாம் முடிந்த பின்னரே வேண்டிய நிரல்களைத் தேர்ந்தெடுத்தல், அதன்பின் வரிசைப்படுத்தல். தமிழன் இயல்பாக எவ்வாறு சொல்வான்? 'தளிச்சேரிப் பட்டியலிலிருந்து, ஆரூரினின்று வந்தவர்களின் பெயரைத் தேர்ந்தெடு' என்பான். இடம் முன்னே, வரையறை அடுத்து, வினை இறுதியில். ஏரணத்தின் ஒழுங்கும் தமிழ்த்தொடரின் ஒழுங்கும் ஈண்டு ஒத்துச் செல்கின்றன!

தேர்ந்தெடுக்கும் பகுதியில் ஒரு நிரலுக்குப் புதுப்பெயர் இட்டு, அப்பெயரை வரையறைப் பகுதியில் ஆண்டால், செந்தரத்தின்படி அது பிழை. பெயர் முன்னே எழுதப்பட்டிருந்தும் பிழையாவது ஏன் என்று தொடக்கநிலை மாணவன் திகைப்பான். தமிழொழுங்கில் எண்ணக் கற்றவனுக்கு இதில் திகைப்பில்லை. வரையறை முன்னது, தேர்வு பின்னது. பின்னே பிறக்கும் பெயரை முன்னே எவ்வாறு அழைப்பது? இவ்வளவே விளக்கம். இதனை ஒரு பக்கத்திற் சொல்லித் தெளிவிக்கும் தமிழ்நூல், முந்நூறு பக்க ஆங்கில நூலினும் தொடக்கத்தானுக்கு மேலானதன்றோ?

ஆங்கில நூல் சொல்லாதவை

ஆங்கில நூலின் குறை கடினம் என்பதோடு முடியவில்லை. தமிழ்த்தரவை ஆளப்போகும் ஒருவனுக்கு இன்றியமையாதவற்றை அது சொல்வதே இல்லை. மூன்று சான்றுகள் காட்டலாம்.

முதலாவது, எழுத்தின் அளவு. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? மூன்று என்று முதல் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஒருங்குகுறி வழங்கும் தரவுத்தளத்தைக் கேட்டால் 5 என்னும். மெய்க்குரிய புள்ளியையும் உயிர்மெய்யின் கொம்பையும் சுழியையும் தனித்தனிக் குறியாக அது எண்ணுவதே கரணியம். மைஎசுகியூஎல் அமைப்பிலோ, நீளத்தைக் கேட்கும் செயற்கூறு ஒருங்குகுறியின் எட்டியல் வடிவில் 15 என விடைதரும். அது எண்ணுவது எழுத்தையன்று, எண்மிகளை. 'திருநாவுக்கரசு' என்பது எட்டெழுத்துப் பெயர். பெயருக்குப் பத்துக் குறி அளவே இடம் வகுத்த பட்டியலில் அப்பெயர் அடங்காது. ஏனெனில் பொறியின் கணக்கில் அது 14 குறி. இதனை எந்த ஆங்கிலத் தொடக்கநூல் எச்சரிக்கின்றது?

இரண்டாவது, அகரவரிசை. அவ்வை, அழகன், அறிவன், அன்பன் என்னும் நால்வரைத் தமிழ் அகரமுதலியின் முறைப்படி அடுக்கினால் இவ்வரிசையே வரும்; வகர, ழகர, றகர, னகரங்கள் அவ்வொழுங்கில் நிற்றலின். குறியெண்ணைக் கொண்டு அடுக்கும் அமைப்புகளில் வருவது யாது? அன்பன், அறிவன், அழகன், அவ்வை. நால்வரும் தலைகீழ்! எசுகியூலைட்டு என்னும் அமைப்பு இயல்பாக இவ்வாறே அடுக்கும். போசுட்டுகிரெசு அமைப்பிலே, 2017-இல் வந்த பத்தாம் பதிப்பு முதலாக, தமிழுக்குரிய அடுக்குமுறையைத் தெரிந்து பணிக்க ஏந்து உண்டு. அவ்வேந்து உண்டு என்பதைச் சொல்லித்தர நூல் வேண்டுமன்றோ? சொல்லித்தருவாரின்மையால், தமிழ் நெடுங்கணக்கு தமிழ்நாட்டுப் பட்டியல்களிலேயே தலைகீழாகத் தொங்குகின்றது, தொங்குவதை அறிவாருமில்லை.

மூன்றாவது, பெயர். ஆங்கில நூல்களின் பட்டியல்களில் முதற்பெயர் என ஒரு நிரலும், குடும்பப்பெயர் என ஒரு நிரலும் இருக்கும். தமிழனுக்குக் குடும்பப்பெயர் ஏது? அவனுக்குள்ளது தன் பெயரும், தந்தையின் அல்லது தாயின் பெயரினின்று வந்த தலைப்பெழுத்தும். அந்நூலைப் படித்து அவ்வாறே பட்டியல் வகுக்கும் இளைஞன், நாளை ஓர் அலுவலகத்திற்கு அமைப்புச் செய்யும்போது, தந்தையின் பெயரை மகளின் பெயராக்குகின்றான். தலைப்பெழுத்தை எங்கே வைப்பதென்று அறியாமல் இரண்டிடத்தும் வைக்கின்றான். பின்னர்ச் சான்றிதழில் ஒரு பெயர், வைப்பகக் கணக்கில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர் எனத் தமிழன் தன்னைத் தானே மெய்ப்பிக்க அலைகின்றான். பிழை அவன் பெயரில் இல்லை. அப்பெயருக்கு இடம் வகுக்கக் கற்பிக்காத முதல் நூலில் இருக்கின்றது.

தமிழ்ப்போர்வை நூல்கள்

இவ்வளவும் கேட்டு, தமிழ் எழுத்தில் அச்சான எந்நூலாயினும் வாங்கலாம் என்று எவரும் முடிவுசெய்தல் வேண்டா. 'டேபிளை கிரியேட் பண்ணி, ரோவை இன்செர்ட் செய்து, டேட்டாவை ரெட்ரீவ் செய்க' என்று எழுதும் நூல் தமிழ்நூலன்று. ஆங்கிலப் பிணத்துக்குத் தமிழ்ப்போர்வை. இவ்வெழுத்தாளர், மக்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு எழுதியதாகக் கூறுவர். பட்டியல், நிரை, நிரல், திறவு, இணைப்பு, தொகுப்பு என்னும் சொற்களுள் எது மக்களுக்கு விளங்காது? 'இணை' என்றால் ஒட்டுவது என்று உழவனும் அறிவான். 'சாயின்' என்றால் யாது என்று அவ்வெழுத்தாளரின் தாய் அறிவாரா?

கட்டளைச் சொற்கள் வேறு. கருத்துச் சொற்கள் வேறு. 'செலெக்டு' முதலாய கட்டளைச் சொற்கள் பன்னாட்டுச் செந்தரத்தில் உள்ளன. பொறிக்கு இடவேண்டியவை அவையே. தொடக்கநிலைக்கு வேண்டிய அத்தகைய சொற்கள் சில பதின்மமே. ஒரு கிழமையில் மனத்திற் பதியும். அவற்றை அவ்வாறே வைத்து, ஒவ்வொன்றின் பொருளையும் தமிழில் விளக்குதல் முறை. பட்டியலின் பெயரும் நிரல்களின் பெயரும் கற்பவன் உரிமை. போசுட்டுகிரெசு, மைஎசுகியூஎல், எசுகியூலைட்டு ஆகிய மூன்றும் தமிழெழுத்தில் இட்ட பட்டியற்பெயரையும் நிரற்பெயரையும் ஏற்கின்றன. பொறி ஏற்கும் தமிழைப் பொறிநூல் எழுதும் தமிழன் ஏற்கமறுப்பது எத்துணை இழிவு!

தேர்வுக்குரிய அளவைகள்

ஆகலின், தொடக்கநூலைத் தெரிவோர், விலையையும் தடிமனையும் வெளிநாட்டுப் புகழையும் நோக்காது, பின்வருவனவற்றை நோக்குக.

கட்டளைகளை அடுக்குமுன், பட்டியல் என்றால் யாது, திறவு எதற்கு, ஒரே செய்தியை ஈரிடத்து எழுதுவதால் வரும் கேடு யாது என்பவற்றை நூல் விளக்குகின்றதா?

இன்மையை விளக்குகின்றதா? சுழியம் வேறு, இன்மை வேறு. தளிச்சேரிப் பட்டியலில் எழுத்துச் சிதைந்து ஊர் தெரியாது போன வரியொன்று இருப்பதாகக் கொள்க. ஆரூரினின்று வந்தோரைக் கேட்டாலும் அவ்வரி வாராது. ஆரூரினின்று வாராதோரைக் கேட்டாலும் வாராது. தெரியாததைப் பற்றி 'ஆம்' என்றும் சொல்லவியலாது, 'அன்று' என்றும் சொல்லவியலாது என்பதே கரணியம். இதனை விளக்காத நூல், கற்பவனைப் பிழையான விடைக்கு ஆளாக்கிவிடும்.

செந்தரத்தைச் சொல்கின்றதா, ஒரு நிறுவனத்தின் கிளைவழக்கைச் சொல்கின்றதா? முதற்பத்து நிரைகளை மட்டும் கேட்பதற்கு ஓரமைப்பில் 'லிமிட்' என்பர். மற்றோரமைப்பில் 'டாப்' என்பர். 2008-ஆம் ஆண்டுச் செந்தரமோ வேறொரு தொடரைத் தருகின்றது. வேறுபாட்டைச் சொல்லாத நூல், மாணவனை ஒரு நிறுவனத்திற்குக் கட்டிவைக்கின்றது.

எழுத்தளவு, அகரவரிசை, பெயரமைப்பு என்னும் மூன்றினும் தமிழ்த்தரவைப் பற்றிப் பேசுகின்றதா?

இறுதியாக, விலைகொடாமற் பெறத்தக்க, கட்டற்ற அமைப்பிற் பயிற்சி தருகின்றதா? முற்கூறிய மூன்று அமைப்புகளும் அவ்வாறு கிடைப்பன. ஏழைவீட்டுப் பிள்ளையும் பழகுதற்கு இதுவே வழி.

தமிழில் நூலே இல்லை என்று கைவிரித்தலும் பொய். தமிழ்நாட்டரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியற் பாடநூல், 2019 முதலாக, வினவல் மொழியைத் தமிழ்வழியிலும் கற்பிக்கின்றது. 2012-இல் தோன்றிய கணியம் என்னும் மின்னிதழின் வழியே, து. நித்தியா எழுதிய 'எளிய தமிழில் மைஎசுகியூஎல்' விலையின்றிக் கிடைக்கின்றது. இவற்றையும் மேற்கூறிய அளவைகளால் அளந்து, நிறைந்ததைப் பாராட்டி, குறைந்ததை நிரப்புதல் தமிழர் கடன்.

வேலைக்கு ஆங்கிலம் என்பார்க்கு

'வேலை ஆங்கிலத்தில், ஆகவே கல்வியும் ஆங்கிலத்தில்' என்று ஒரு கூட்டம் ஓதும். அவர்க்கு விடை எளிது. ஈண்டுப் பேசப்படுவது முதல் நூல். இரண்டாம் நூலும் மூன்றாம் நூலும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். 1975-இல் முதற்பதிப்பு வந்த கி. சே. தேற்றின் பெருநூலைத் தமிழ் மாணவன் கட்டாயம் பயிலட்டும். கருத்துத் தெளிந்தவன் எம்மொழி நூலையும் ஊடுருவுவான். தாய்ப்பால் குடித்த பிள்ளை சோறுண்ணாது என்று எத்தாயும் அஞ்சியதில்லை.

சப்பானில் மிக்கு என்னும் புனைபெயர் பூண்ட ஆசிரியர், தொடக்கத்தாருக்கென வினவல் மொழி நூலொன்றைத் தம் தாய்மொழியில் 2010-இல் வெளியிட்டார். சீனர் அதனைத் தம் மொழிக்கு ஆக்கிக்கொண்டனர். ஆங்கிலத்தின் தோளேறாமலே ஒரு நூல் சப்பானிலிருந்து சீனம் சென்றது. அந்நாட்டார் பொறித்துறையிற் பின்தங்கினார் என்று எவரேனும் சொல்லுவரா?

அயல்நாட்டை நோக்குவானேன்? யாழ்ப்பாணத்து மானிப்பாயை நோக்குக. 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன், தாம் தமிழ் கற்று, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 1860-களிலே தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே அறுவை மருத்துவம் கற்பித்தார். உடலை அறுத்து உயிர்காக்கும் கலையை, அயலான் ஒருவன், நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் தமிழிற் கற்பித்தான். பட்டியலில் பெயர் தேடும் கலையைத் தமிழில் கற்பிக்கவியலாது என்று தமிழனே சொல்லுகின்றான்!

பழி யார் மேல்?

இப்பழியை ஆங்கிலத்தின் மேல் மட்டும் போட்டுத் தப்பிக்கவியலாது. தமிழ்ப்பற்றுடையோர் மேலும் அதிற் பங்குண்டு. கலைச்சொல் ஆக்கினர், நூல் ஆக்கினரல்லர். ஒரு சொல்லுக்கு ஐந்து தமிழாக்கம் கண்டு, எது சிறந்ததென்று பத்தாண்டு வழக்காடினர். அவ்வைந்துள் ஒன்றையேனும் கொண்டு பத்துப் பக்கப் பாடம் எழுதினாரில்லை. அகரமுதலியிற் கிடக்கும் சொல் விதைநெல். நிலத்தில் விழாதவரை அது பசி தீர்க்காது. பாடநூலே சொல்லுக்கு நிலம்.

ஆதலின் கற்க விழைவோர், நல்ல தமிழ்நூலைத் தேடி முதல் நூலாகக் கொள்க. கற்றறிந்தோர், தாம் ஆங்கிலத்திற் பட்ட பாட்டைத் தம்பியரும் தங்கையரும் படாதவாறு, திங்கட்கு ஒரு பாடமேனும் எழுதுக. எழுதும்போது சுமித்தைத் தூக்கியெறிக. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் கல்லிலே காத்திருக்கின்றனர்; அவர்களைப் பட்டியலாக்கி, ஆரூரினின்று வந்தோர் எத்துணையர் என்று வினவக் கற்பிக்க. அவ்வினாவைத் தமிழ்ப்பிள்ளை தன் மொழியில் எண்ணிப் பொறியிடம் கேட்டு, தமிழெழுத்தில் விடைபெறும் நாளே, தமிழ் கணிப்பொறியுள் குடியேறிய நாள்!

கற்க தமிழில்! எழுதுக தமிழில்!